பச்சை நிற இன்டர்செப்டர்

சின்ன வயதில் எங்கள் வீட்டில் டிவி கிடையாது. பள்ளி விடுமுறைக்குக் கோவையிலிருந்து அயனாவரம் சித்தப்பா வீட்டுக்கு வந்தால்தான் டிவி. டயனோரா, கருப்பு வெள்ளை. எண்பதுகளில் ஞாயிற்றுக்கிழமைகளில் தூர்தர்ஷனில் ‘ஸ்டார் ட்ரெக்’ என்ற விண்வெளித் தொடர் போடுவார்கள். அவர்கள் பேசுகிற இங்கிலீஷ் எனக்குப் பாதிக்கு மேல் புரியாது. ஆனால் அதில் வரும் விண்கப்பல் புரிந்தது. முன்னால் தட்டு மாதிரி ஒன்று, அதற்குக் கீழே ஓர் உடல், பின்னால் மேலே தூக்கிக்கொண்டு இரண்டு குழாய்கள். ஊருக்குத் திரும்பியதும் அட்டையிலும் தீப்பெட்டியிலும் அதைச் செய்து பார்ப்பேன். குழாய்கள் நிற்கவே நிற்காது, சரிந்துவிடும்.

படித்து முடித்து ஏழு வருடம் கோவையில் ஒரு பிரஷர் டைகாஸ்டிங் யூனிட்டில் வேலை பார்த்தேன். உருக்கிய உலோகத்தை டை என்கிற எஃகு அச்சுக்குள் அழுத்திப் பாகம் வார்க்கிற இடம். 2005இல் வேலை மாறி லிவர்பூல் வந்தேன். மறு வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊருக்கு வெளியே ஒரு வயலில் நடந்த கார் பூட் சேலுக்குப் போனேன். வீட்டில் வேண்டாததையெல்லாம் கார் டிக்கியில் அள்ளிப் போட்டுக்கொண்டு வந்து, மடக்கு மேசையில் பரப்பி விற்பார்கள். ஒரு மேசையில் பழைய பிஸ்கட் டின். உள்ளே உடைந்த கார்கள், சக்கரம் போன லாரிகள், அடியில் அந்தக் கப்பல். எண்டர்பிரைஸ்.

கையில் எடுத்ததுமே கனம் சொல்லிவிட்டது, இது துத்தநாக வார்ப்பு என்று. கவிழ்த்துப் பார்த்தேன். டையின் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் பிசிறு சீவிய கோடு இருந்தது. வார்ப்பை டையிலிருந்து தள்ளிவிடும் பின்களின் வட்டத் தழும்புகள் இருந்தன. ஏழு வருடம் நான் தினமும் பார்த்த தழும்புகள் அவை. டிங்கி டாய்ஸ் என்ற பெயரும் இருந்தது. நாலு பவுண்டு கொடுத்தேன். உலோகப் பொம்மை விண்கலங்களைச் சேகரிக்க நான் தொடங்கியது அங்கேதான். பஸ் ஸ்டாப்பில் நின்றபோதுதான், தட்டின் மேலே இருந்த சின்னச் சக்கரத்தைத் திருப்பிப் பார்த்தேன். உள்ளே ஏதோ சுழன்றது. பிளாஸ்டிக் வில்லைகளை வெளியே எய்யும் விசை அது. வில்லை ஒன்றுகூட இல்லை. வயிற்றுக்குக் கீழே இருந்த கதவைத் திறந்தால் உள்ளே ஷட்டில் என்கிற குட்டிக் கலம் ஒன்று இருக்க வேண்டும். அதுவும் இல்லை.

அன்று எனக்குத் தெரியாத இன்னொன்று, அந்தப் பொம்மை வார்க்கப்பட்டதே லிவர்பூலில்தான் என்பது. டிங்கியைச் செய்தது மெக்கானோ கம்பெனி. அதன் தொழிற்சாலை பின்ஸ் ரோட்டில் இருந்தது. 1964இல் மெக்கானோவை லைன்ஸ் பிரதர்ஸ் என்ற பொம்மைக் கம்பெனி வாங்கியது. லைன்ஸ் 1971இல் நொடித்துப்போக, மெக்கானோ ஏர்ஃபிக்ஸ் என்ற இன்னொரு பொம்மைக் கம்பெனியின் கைக்குப் போனது. 1979 நவம்பரில் பின்ஸ் ரோடு தொழிற்சாலையை மூடினார்கள். நான் ஒருநாள் அந்தத் தெருவை முழுக்க நடந்து பார்த்தேன். தொழிற்சாலை இருந்ததற்கு ஓர் அடையாளமும் இல்லை. எங்கள் ஊரில் மூடிப்போன மில்களின் காம்பவுண்டு சுவராவது மிச்சம் இருக்கும். இங்கே அதுவும் இல்லை.

இந்தத் தொழிற்சாலையிலிருந்து வந்த விண்கலங்கள் எண்ணிக்கையில் ரொம்பக் குறைவு, அதனால்தான் இந்தச் சேகரிப்பு ஒரு சாதாரணச் சம்பளக்காரருக்கும் எட்டுகிறது. 1967இல் ‘தண்டர்பேர்ட்ஸ்’ டிவி தொடரின் தண்டர்பேர்ட் 2 வந்தது, டிங்கி கேட்டலாக்கில் எண் 101. 1971இல் ‘யூஎஃப்ஓ’ தொடரின் இன்டர்செப்டர் என்ற போர்க்கலம், எண் 351. 1975இல் ‘ஸ்பேஸ்: 1999’ தொடரின் ஈகிள் இரண்டு வகையாக வந்தது. ஆட்களை ஏற்றும் டிரான்ஸ்போர்ட்டர் 359, சரக்கு ஏற்றும் ஃபிரைட்டர் 360. எழுபதுகளின் பின்பாதியில் எண்டர்பிரைஸ் 358, அதற்கு எதிரியாகக் கிளிங்கான் போர்க்கப்பல் 357. போட்டிக் கம்பெனியான கார்கி 1980 வாக்கில் ‘பக் ராஜர்ஸ்’ தொடரின் ஸ்டார்ஃபைட்டரைச் செய்தது. தேடல் ஏறக்குறைய இவ்வளவுக்குள்தான். எல்லாவற்றையும் வாங்கிவிட வேண்டும் என்று இறங்காமல், எது மனதில் நிற்கிறதோ அந்த ஒன்றோடு தொடங்குங்கள். நான் ஜப்பான் பொம்மைகள் பக்கம் போகவே இல்லை. அது தனிக் கடல்.

இனி வாங்குவது பற்றி. புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் முதலில் பெயின்டைப் பார்க்கிறார்கள். நானும் அப்படித்தான் பார்த்தேன். பார்க்க வேண்டியது சின்னப் பாகங்களை. கப்பலின் உடல் எளிதில் கிடைக்கும், உலோகம்தானே, தோட்டத்து மண்ணில் பத்து வருடம் கிடந்தாலும் மிஞ்சும். ஏவுகணையும் ஷட்டிலும் முதல் வாரத்திலேயே சோபாவுக்கு அடியில் போயிருக்கும், அல்லது தம்பியோ நாயோ விழுங்கியிருக்கும். தண்டர்பேர்ட் 2 என்றால் வயிற்றுப் பெட்டியைக் கழற்றி, முன்கதவைத் திறந்து, உள்ளே மஞ்சள் நிறக் குட்டி தண்டர்பேர்ட் 4 இருக்கிறதா பாருங்கள். பிறகு நான்கு கால்களையும் நீள வைத்துப் பாருங்கள். ஸ்பிரிங் தள்ளுவதால் அவை ‘டக்’கென்று ஒரே சமயத்தில் இறங்க வேண்டும். ஒன்று தாமதித்தால் உள்ளே துரு அல்லது உடைசல். ஃபிரைட்டர் என்றால் அணுக்கழிவுப் பீப்பாய்களை, பழைய கேட்டலாக் படத்தை வைத்துக்கொண்டு எண்ணுங்கள்.

அந்தப் பீப்பாய்கள் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். ‘ஸ்பேஸ்: 1999’ தொடரின் கதையே அதில்தான் தொடங்குகிறது. 1999 செப்டம்பர் 13 அன்று நிலாவில் கொட்டி வைத்த அணுக்கழிவு வெடித்து, நிலாவே பூமியின் சுற்றுப்பாதையை விட்டு விலகிப் போய்விடும். முந்நூற்றுச் சொச்சம் பேர் அதன் மேலே சிக்கிக்கொள்வார்கள். அந்தக் கதையைப் பார்த்த குழந்தை, அதே பீப்பாய்களைத் தன் கையால் கப்பலில் ஏற்றி இறக்கி விளையாடியிருக்கிறது. பொம்மை வடிவமைத்தவர்கள் தொடரைக் கூர்ந்து பார்த்துத்தான் செய்திருக்கிறார்கள்.

நகல் பாகங்களைத் தப்பென்று நான் சொல்ல மாட்டேன். ஏவுகணை இல்லாத இன்டர்செப்டரைவிட, நகல் ஏவுகணை உள்ள இன்டர்செப்டர் மேல். ஆனால் விற்பவர் அதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். அசல் பிளாஸ்டிக் உருக்கி அச்சில் அழுத்தி வார்த்தது. அதனால் ஓரங்கள் கூர்மையாக இருக்கும், எங்காவது பிளாஸ்டிக் உள்ளே பாய்ந்த காம்பை வெட்டிய சின்ன மொட்டும், அச்சிலிருந்து தள்ளிவிட்ட பின்னின் தழும்பும் இருக்கும். ரெசினில் வார்த்த நகலில் ஓரங்கள் மழுங்கியிருக்கும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஊசிமுனை அளவு காற்றுக்குமிழிகள் தெரியும். பத்து மடங்கு லென்ஸ் ஒன்று எப்போதும் சட்டைப்பையில் இருக்கட்டும். பெட்டியின் அசலையும் அதே லென்ஸ் காட்டிவிடும். அந்தக் கால ஆஃப்செட் அச்சில் நிறப்புள்ளிகள் ஒழுங்கான வரிசையில், பூக்கோலம் மாதிரி சுற்றிச் சுற்றி இருக்கும். வீட்டு இங்க்ஜெட்டில் அடித்தது மணல் தூவினாற்போல் இருக்கும்.

இன்டர்செப்டருக்கென்று தனியாக ஒரு சோதனை உண்டு. அதன் மூக்கில் ஒரே ஒரு பெரிய ஏவுகணை. அதற்குள் காகித கேப்பு வைத்து எய்தால், மோதும் இடத்தில் வெடிக்கும். நாம் தீபாவளிக்குத் துப்பாக்கியில் போட்டு வெடிப்போமே, அதே பொட்டு கேப்புதான். எனக்குக் கிடைத்த ஒன்றின் ஏவுகணை முனையை முகர்ந்தபோது, நாற்பது வருடத்துக்குப் பிறகும் லேசாக அந்த வாசனை இருந்ததாக எனக்குத் தோன்றியது. ஐப்பசி மாதத்து விடியற்காலை, ஈரத்தலை, புதுச்சட்டை எல்லாம் ஒரு நொடியில் வந்துபோனது.

வாசனை ஒருபக்கம் இருக்கட்டும், அந்தக் கரி ஆபத்தானது. கேப்பில் இருப்பது சிவப்புப் பாஸ்பரஸும் பொட்டாசியம் குளோரேட்டும். வெடித்த பிறகு மிஞ்சும் உப்பும் அமிலமும் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டு உலோகத்தை அரிக்கும். ஏவுகணையில் இருக்கும் உலோக முனையிலும் ஸ்பிரிங்கிலும் வெள்ளைப் பொருக்கோ செந்துருவோ தெரிந்தால், அந்தப் பொம்மை நன்றாக விளையாடப்பட்டது என்று அர்த்தம். காது குடையும் பஞ்சுக்குச்சியை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்துத் துடையுங்கள். கறை வருவது நிற்கும்வரை குச்சியை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். அப்புறம் உடனே முழுசாக உலர்த்திவிட்டு, ஸ்பிரிங்குக்கு மட்டும் தையல் மெஷின் எண்ணெயில் ஒரு சொட்டு. பிளாஸ்டிக் பக்கம் எண்ணெய் போகக் கூடாது. தின்னர், அசிட்டோன், பெட்ரோல் எதையும் கிட்டவே கொண்டுவராதீர்கள். காக்பிட்டின் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக், ஒரு துளி பட்டாலும் பால் திரிந்த மாதிரி வெளுத்துவிடும்.

துத்தநாகத்துக்கே உரிய ஒரு நோயும் உண்டு, இங்கே அதை ‘ஜிங்க் பெஸ்ட்’ என்பார்கள். வார்ப்பில் கொஞ்சம் ஈயம் கலந்துவிட்டால் போதும், உலோகத்தின் மணிகளுக்கு இடையே அரிப்பு ஓடி, பொம்மை உள்ளிருந்தே வீங்கி, வெடித்து, கடைசியில் பிஸ்கட் மாதிரி நொறுங்கும். இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய டிங்கிகளில் இது நிறைய. நான் பார்த்த பட்டறைகளில் ஈயமோ வெள்ளீயமோ பட்ட ஸ்கிராப்பைத் துத்தநாக உலைப் பக்கமே விடமாட்டார்கள், அதற்குக் காரணம் இதுதான். விண்கலங்கள் அறுபதுகளுக்குப் பிறகு வந்தவை என்பதால் பயம் குறைவு. ஆனாலும் காய்ந்த வண்டல் மாதிரி மெல்லிய விரிசல் வலை தெரிந்தாலோ, நேராக இருக்க வேண்டிய விளிம்பு வளைந்திருந்தாலோ வாங்காதீர்கள். அதற்கு மருந்து கிடையாது. புதியது என்பதால் தப்பிவிடும் என்றும் இல்லை. தொண்ணூறுகளின் பிற்பகுதியில் வந்த சில மாடல் ரயில்களிலும் இதே நோய் வந்திருக்கிறது.

இப்போது நான் செய்த தவறைச் சொல்கிறேன். எழுத உட்கார்ந்ததே இதைச் சொல்லத்தான்.

என் முதல் இன்டர்செப்டர் பளபளக்கும் பச்சை. டிங்கி அதைப் பச்சையில்தான் விற்றது, அடியில் ஆரஞ்சு நிறக் கால்கள். ‘யூஎஃப்ஓ’ டிவிடியை வாங்கிப் பார்த்தபோது, திரையில் வரும் இன்டர்செப்டரில் பச்சையே இல்லை, வெளிறிய வெள்ளைதான். பொம்மையில் பெயின்ட் பல இடத்தில் பெயர்ந்திருந்தது. சரி, எப்படியும் தேய்ந்துபோனதுதானே, சரியான நிறத்தில் அடித்துவிடலாம் என்று முடிவு செய்தேன். இரண்டு வார இறுதி வேலை. பச்சையை முழுக்க உரித்து, ப்ரைமர் அடித்து, வெள்ளை அடித்தேன். அழகாகத்தான் வந்தது. டிவியில் பார்க்கிற மாதிரியே இருந்தது.

அதை சர்ரேயில் சாண்டவுன் பார்க் குதிரைப் பந்தய மைதானத்தில் நடக்கும் டாய் ஃபேருக்கு எடுத்துப் போனேன், மாற்றிக்கொள்ள ஏதாவது கிடைக்குமா என்று. ஒரு ஸ்டாலில் எழுபது வயது மதிக்கத்தக்க அம்மா. வாங்கி, கவிழ்த்து, கட்டை விரலை அடிப்பக்க எழுத்தின் மேல் ஓட்டினார். அவ்வளவுதான். பெயின்ட் கனம் ஏறி எழுத்துகள் மழுங்கியிருந்ததை விரலே கண்டுபிடித்துவிட்டது. கோபப்படவில்லை. “ஏன் நிறத்தை மாற்றினீங்க?” என்று மட்டும் கேட்டார். டிவியில் வெள்ளையாக இருக்கிறதே என்றேன்.

“எங்க வீட்டு டிவியில எல்லாமே சாம்பல்தான் தம்பி” என்கிற மாதிரி ஒரு வார்த்தை சொன்னார். “என் பையனுக்கு இது பச்சைதான். அவன் பார்த்த ஒரே நிறம் அதுதானே.”

வீட்டுக்குத் திரும்பும் ரயிலில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். பிரிட்டனில் பிபிசி 2 கலர் ஒளிபரப்பைத் தொடங்கியது 1967இல். பிபிசி 1க்கும் ஐடிவிக்கும் 1969 நவம்பரில்தான் கலர் வந்தது. ‘யூஎஃப்ஓ’ வந்த 1970இல் பெரும்பாலான வீடுகளில் கருப்பு வெள்ளைப் பெட்டிதான் இருந்தது. ‘தண்டர்பேர்ட்ஸ்’ இன்னும் முந்தியது, 1965. தொடரைக் கலரில்தான் எடுத்தார்கள், ஆனால் அன்றைக்கு அந்தக் கலரைத் தன் வீட்டில் பார்த்த பிரிட்டிஷ் குழந்தை ஒன்றுகூட இல்லை. தண்டர்பேர்ட் 2 பச்சை என்பதே அவர்களில் பலருக்குக் கலர் காமிக்ஸிலிருந்தும் கடை ஜன்னலில் இருந்த பொம்மையிலிருந்தும்தான் தெரியும். கப்பலுக்கு நிறம் கொடுத்தது டிவி இல்லை, பின்ஸ் ரோட்டின் பெயின்ட் ஷாப். அயனாவரத்து டயனோராவில் நான் பார்த்த எண்டர்பிரைஸும் சாம்பல்தானே! இதை எனக்கு ஒருவர் சொல்ல வேண்டியிருந்தது.

நான் உரித்துத் தின்னர் டப்பாவில் கரைத்தது தவறான நிறத்தை இல்லை. ஏதோ ஒரு சிறுவன் பார்த்த ஒரே நிறத்தை. அதை எந்தப் பெயின்டாலும் திரும்பக் கொண்டுவர முடியாது. அதற்குப் பிறகு ஒரு பொம்மைக்கும் நான் பெயின்ட் அடித்ததில்லை. டச்-அப் கூட இல்லை. ஈகிளின் நடுப்பகுதி முதலில் பச்சையாகவும் பிறகு நீலமாகவும் வந்தது, திரையில் அது முழு வெள்ளை. தண்டர்பேர்ட் 2வும் எழுபதுகளில் 106 என்ற எண்ணில் பளபளக்கும் நீலமானது. இவற்றையெல்லாம் ‘தப்பு நிறம்’ என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. நான் தேடிப்பிடித்து வாங்குவதே அவற்றைத்தான்.

திரையில் இருந்ததுபோலவே அச்சு அசலாக வேண்டும் என்பவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. 2000க்குப் பிறகு பிரிட்டனிலும் ஜப்பானிலும் பெரியவர்களுக்கென்றே வெள்ளை ஈகிளை டைகாஸ்டில் செய்தார்கள், அளவும் குழாய்களும் துல்லியம். ஈகிள்மாஸ் என்ற நிறுவனம் 2013 முதல் ஸ்டார் ட்ரெக் கப்பல்களை இதழோடு சேர்த்து வரிசையாக விட்டது, 2022இல் நொடித்துப்போனது. அந்த வரிசையில் என்னிடம் இரண்டு இருக்கின்றன. அருமையான வேலை. ஆனால் அவற்றை எடுத்து ‘விர்ர்’ என்று ஓட்ட எனக்குத் தோன்றியதே இல்லை.

ஆன்லைனில் வாங்குவதென்றால் மூன்று படம் கேளுங்கள்: அடிப்பக்கம், மூக்கு, எல்லாப் பாகமும் கழற்றி வைத்த ஒரு படம். தராதவரிடம் வாங்காதீர்கள். பேக்கிங்கையும் நீங்களே சொல்லிவிடுங்கள். எனக்கு வந்த ஒரு பச்சை ஈகிளில், நடுப்பெட்டியைக் கழற்றாமல் அப்படியே சுருட்டி அனுப்பியிருந்தார்கள். வழியில் உலோக உடலின் எடையே தரைக்காலை உடைத்துவிட்டது. படத்தில் முழுசாக இருந்த கால். பணம் திரும்பி வந்தது, கால் வரவில்லை. அன்றிலிருந்து பெட்டியும் ஏவுகணையும் தனித்தனியே காகிதத்தில் சுற்றி வரவேண்டும் என்று எழுதியே கேட்கிறேன்.

வைத்துக்கொள்ள: வெயில் படாத அலமாரி போதும். ஓக் மர அலமாரி மட்டும் வேண்டாம், அந்த மரம் விடும் அமில ஆவி துத்தநாகத்தின் மேல் வெள்ளைப் பொருக்கு பூக்க வைக்கும். பபுள் ராப்பை நேரடியாகப் பெயின்டின் மேல் சுற்றி வருடக்கணக்கில் வைத்தால் வட்ட வட்டமாகத் தடம் பதிந்துவிடும். அமிலமில்லாத டிஷ்யூ காகிதம் உள்ளே, மற்றதெல்லாம் வெளியே. ஸ்டிக்கர் இருக்கும் இடத்தைத் தண்ணீரில் நனைக்காதீர்கள். தூசி தட்ட, பழைய மேக்கப் பிரஷ் மாதிரி வேறொன்று இல்லை.

போன குளிர்காலத்தில் இன்னொரு இன்டர்செப்டர் கிடைத்தது. பச்சை, மூக்கில் நிறையத் தேய்மானம், அசல் ஏவுகணையோடு. ஒரு சனிக்கிழமை மாலை ‘யூஎஃப்ஓ’ டிவிடியைப் போட்டு, டிவியின் கலர் அளவைப் பூஜ்ஜியத்துக்கு இறக்கிவிட்டு, பொம்மையை மகள் கையில் கொடுத்தேன். ஒன்பது வயது. நிலாத்தளத்திலிருந்து மூன்று இன்டர்செப்டர்கள் கிளம்புகிற காட்சி வந்தது. திரையையும் கையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“அப்பா, மூணுமே பச்சையா?”

“ஆமாம்” என்றேன்.

அடுத்த நொடி விசையை அழுத்திவிட்டாள். ஏவுகணை டிவி ஸ்டாண்டில் பட்டுத் தெறித்து ரேடியேட்டருக்குப் பின்னால் போய் விழுந்தது. இருவரும் டார்ச் வைத்து அரை மணி நேரம் தேடி எடுத்தோம். நகல்தான். அசலை முந்தின இரவே காகிதத்தில் சுற்றி மேல் இழுப்பறையில் வைத்திருந்தேன்.